மலையடிவாரத்துத் தண்ணீரும் மனித உடம்பும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழி உண்டு. கோரிமேடு வழியாக, 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிற பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டணம் தாண்டி, இதோ இந்தக் குப்பனூரில் மலையைத் தொட்டு, கொட்டச்சேடு வழியாக ஏறுகிற பாதை இன்னொன்று. மழைக்காலத்தில் கோரிமேட்டுப் பாதையில் மண் சரிந்தால் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பி விடுவார்கள். வண்டிகளுக்கு அந்த வசதி இருக்கிறது. தண்ணீருக்கு இல்லை. மலைமேல் ஒரு விடுதியின் மலக்குழி கசிந்தாலும் சரி, ஒரு தோட்டத்தில் காபிப் பழம் கழுவிய தண்ணீரை ஓடையில் திறந்து விட்டாலும் சரி, அது இறங்கி வருவது அடிவாரத்துக்குத்தான்.

கெட்ட தண்ணீர் என்றதும் கறுத்த சாக்கடையும் அதன் நாற்றமும் நினைவுக்கு வரும். எவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போய்விடுவார்கள். ஆனால் உடம்புக்கு நாள்பட்ட கேடு செய்கிற தண்ணீர் பல நேரங்களில் துளிக் கலங்கலும் இல்லாமல் தெளிந்திருக்கிறது. வாடை கிடையாது, குடித்தால் ருசியும் குறையாது. ஏற்காடு அமர்ந்திருக்கிற சேர்வராயன் மலையைச் சுற்றி இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. முதல் வகையைப் பற்றி ஊரே பேசுகிறது. இரண்டாம் வகையைப் பற்றிய பேச்சு அபூர்வம். இன்றைய சொற்பொழிவு இரண்டையும் தொட்டாலும், அதிக நேரம் நிற்கப்போவது அந்த இரண்டாவதில்தான்.

முதலில் நாற்றமடிக்கிற தண்ணீர். இதே மலைத்தொடரில் மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கம் பிறக்கிறது திருமணிமுத்தாறு. சேலம் நகரை ஊடறுத்துக்கொண்டு, கோட்டை மாரியம்மன் கோயிலை உரசி, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. கோயில்களெல்லாம் கரையைத் தேடி வந்து அமர்ந்த ஆறு அது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டுக்கு அதில் 6 இடம். அந்த 6-ல் மூன்று, சேலம் மாவட்டத்து நதிகள்: திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி. முதல் இரண்டும் சேர்வராயன் மலையில் பிறப்பவை. ஒரே மலை பெற்ற இரண்டு நதிகள், மாநிலத்தின் மோசமான நதிகளின் வரிசையில் சேர்ந்து நிற்பது சேலத்துக்காரர்கள் எவரும் கடந்துபோகக் கூடிய செய்தி அல்ல.

அந்தப் பட்டியல் எப்படிப் போடப்படுகிறது? தண்ணீரில் இருக்கிற அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். குளிப்பதற்கு ஏற்ற ஆறு என்றால் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 30-க்கு மேல் போனால் அந்த ஆறு முதல் வரிசைக்குப் போகிறது, அதாவது உடனே கவனிக்க வேண்டிய கடைசி நிலை. திருமணிமுத்தாறு அந்த வரிசையில் வைக்கப்பட்டது.

அதில் என்னதான் கலக்கிறது? நகரத்துச் சாக்கடைதான் முதலில். பிறகு சாயப்பட்டறைகள், வெள்ளிப்பட்டறைகளின் அமிலக் கழிவு, சேகோ ஆலைகள். சேலம் மாவட்டத்துக்குச் சோறு போடுகிற தொழில்களில் ஜவ்வரிசிக்கு முக்கிய இடம் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் விட்டுத் தெளிய வைப்பார்கள். மாவு அடியில் படியும். மேலே நிற்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதில் கரைந்த மாவுச்சத்து இருக்கிறது, கிழங்கில் இயற்கையாகவே உள்ள சயனைடு சேர்மங்களும் இருக்கின்றன. சுத்திகரிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் புளித்து, ஊரைத் தாண்டியும் வீசுகிற ஒரு புளிப்பு நாற்றமெடுக்கும். அது பாய்கிற ஓடையில் மீன் தங்காது. மலைமேல் காபிப் பழத்தின் சதையை நீக்கிய தண்ணீரும் இதே குணம் கொண்டதுதான்: சர்க்கரை, பிறகு புளிப்பு, பிறகு ஆக்சிஜன் செத்த ஓடை.

‘இந்த ஆற்றை யார் குடிக்கிறார்கள்?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நேராக மொண்டு குடிப்பவர் யாரும் இல்லைதான். ஆனால் கரையோரக் கிணறு ஆற்றைக் குடிக்கிறது. கிணற்றைக் கீரைப்பாத்தி குடிக்கிறது. வெறுங்காலோடு பாத்தி கட்டுகிறவரின் தோலில் அரிப்பாக வந்து நிற்கிறது. சாக்கடை கலந்த தேங்கலில் பெருகுகிற கியூலெக்ஸ் கொசு, யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசு. உடம்புக்குள் வர வாய் ஒன்றுதான் வழி என்று நினைப்பது தவறு.

சாக்கடை குடிநீரோடு நேரடியாகக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது. 1955-ல் தில்லியில் யமுனை வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் போக்கு மாறிவிட்டது. நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை, வஜீராபாத் குடிநீர் நிலையம் தண்ணீர் எடுக்கிற இடத்துக்கே பின்வாங்கி வந்தது. பொறியாளர்கள் கவனித்துவிட்டார்கள், குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைஃபாய்டும் சீதபேதியும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக ஏறக்குறைய 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரின் அளவுக்கு வைரஸ் அடங்கவில்லை. அது எந்த வைரஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதை மின்னணு நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்தது 1983-ல். இன்று அதற்கு ஹெபடைடிஸ் ஈ என்று பெயர். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிப்போகிற இந்தக் காமாலை, நிறைமாதக் கர்ப்பிணிகளில் நான்கில் ஒருவர் வரை உயிரை எடுத்துவிடக் கூடியது. கீழாநெல்லி கொடுத்துக் குணமானவர்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. குழாயில் என்ன கலந்தது என்று தேடிப் போனவர்களின் கதை குறைவு.

தேடிப் போன ஒருவர் உண்டு. 1854-ல் லண்டனின் பிராட் தெருவில் காலரா வந்து 600 பேருக்கு மேல் இறந்தபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சாவு விழுந்த வீடுகளின் கதவைத் தட்டி ஒரே கேள்வியைக் கேட்டார்: எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்தீர்கள்? காலராக் கிருமியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது அதற்கு 30 ஆண்டு கழித்து, 1884-ல். ஸ்னோவின் கையில் இருந்தது அந்தக் கேள்வி மட்டுமே. அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்ற வைக்க அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கு நம் மருத்துவமனைகளில் சீட்டு எழுதும்போது பெயர் கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள், ஊர் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. மூட்டுவலிக்கு வந்தவரிடம் அதைக் கேட்கலாம் என்றே பலருக்குத் தோன்றாது. ஆனால் சேலம், தருமபுரிப் பக்கத்தில் மூட்டுவலிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் அது ஒன்று.

ஏன் என்றால், ஃப்ளூரைடு.

இந்தப் பகுதியின் பாறைகளிலேயே ஃப்ளூரைடு இருக்கிறது. சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பழம்பாறையால் ஆனது, சுற்றியுள்ள சமவெளியின் அடியில் கிரானைட்டும் நைஸும். அபடைட், பயோடைட் போன்ற கனிமங்கள் இந்தப் பாறைகளில் கலந்திருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவுக்கு ஃப்ளூரைடு அதில் கரையும். பாட்டன் காலத்துக் கிணறு, அந்த வருஷத்து மழையைத் தேக்கி வைத்தது. பம்புசெட் வந்து கிணறு வற்றியது. பிறகு போர் போட்டார்கள். முந்நூறு அடியில் நின்றது ஐந்நூறு அடிக்குப் போயிற்று, ஐந்நூறு ஆயிரத்தைத் தாண்டியது. ஆழத்திலிருந்து வருகிற அந்தத் தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த தண்ணீர். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். உப்புக் கரித்தால் ‘உப்புத் தண்ணி’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஃப்ளூரைடுக்கு அப்படி ஒரு ருசியும் இல்லை. ‘நல்ல தண்ணி’ என்று பெயர் வாங்கிய போரிலும் அது இருக்கலாம். பாறையைப் படைத்தது மனிதன் இல்லை, உண்மைதான். மழைநீரைத் தேக்காமல் விட்டுப் பாறையின் அடிமடியைத் தோண்டிக் குடிக்கிற நிலைக்குக் கொண்டுவந்தது மனிதனின் வேலை. அதனால் இதை இயற்கையின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது.

ஃப்ளூரைடு மிகுந்த தண்ணீரால் வருகிற எலும்பு நோயை இந்தியாவில் முதலில் விவரித்ததும் சென்னை மாகாணத்திலேயே. 1937-ல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர், அன்று மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். ஷார்ட் அப்போது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர். அந்த ஊர்களின் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு மிகுந்திருந்ததை அவர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு தலைமுறைகள் கடந்தும் அடிவாரத்து ஊர்களில் மூட்டுவலி என்றால் ‘வயசாச்சு’ என்ற பதிலே வருகிறது.

உடம்புக்குள் நடப்பது இது. எலும்பும் பல்லும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கட்டியவை. ஃப்ளூரைடு அந்தக் கட்டுமானத்துக்குள் நுழைந்து வேறொரு அணுத்தொகுதியின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சமாக இருந்தால் பல் சொத்தையைத் தடுக்கும், அதற்காகவே பற்பசையில் சேர்க்கிறார்கள். அளவு மீறினால் பல்லில் முதலில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல வெள்ளைத் திட்டுகள் தெரியும். பிறகு குறுக்காகப் பழுப்புக் கோடு ஓடும். கோடு வெற்றிலைக் கறைபோல ஈறோரத்தில் தொடங்குவதில்லை. பல்லின் நடுவே, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஓடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது பல்லின் மேல் படிந்தது அல்ல, பல்லுக்குள்ளேயே உருவானது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மறைப்பதைப் பார்த்தால், பல் விளக்காத பிள்ளை என்று திட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டுப் போரைப் பரிசோதிக்க வேண்டும். பல ஆண்டுகள் அதே தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு தடித்து, தசைநார்கள் இறுகும். குனிய முடியாது, சம்மணமிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமை ஏற்கத் தக்கது என்றும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்பது கிருமிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஃப்ளூரைடு கொதிநிலையில் ஆவியாவதில்லை. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அது அடர்த்தியாகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாதென்று அரைப் பானையாகச் சுண்டும்வரை காய்ச்சுகிற தாய், தன்னை அறியாமல் ஃப்ளூரைடைக் கூட்டிக் கொடுக்கிறாள். அவள் மேல் குற்றமில்லை. அந்தப் போரின் ஃப்ளூரைடு அளவை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

மஞ்சவாடிக் கணவாய்க்கு அப்பால் தருமபுரி மாவட்டம். அங்கும் கிருஷ்ணகிரியிலும் நிலைமை கடுமையாக இருந்ததால்தான் காவிரி நீரைக் கொண்டுபோகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரிலேயே ஃப்ளூரைடு நோய்த் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. ஒரு நோயின் பெயரைத் தாங்கிய குடிநீர்த் திட்டம் இந்த மலைக்கு அந்தப் பக்கத்தில் ஓடுகிறது. ஆனால் குழாயில் காவிரி வந்த பிறகும், தண்ணீர் வராத நாளில் தெருமுனை போரைத் தேடிப் போகிற பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட நாள்கள் சேரச் சேர, உடம்பில் ஃப்ளூரைடும் சேர்கிறது.

தெளிந்த தண்ணீரை நம்பி ஏமாந்ததில் உலகிலேயே பெரிய கதை வங்காளத்தினுடையது. குளத்து நீரைக் குடித்துப் பிள்ளைகள் வாந்திபேதியில் சாகிறார்கள் என்று 1970-களில் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளின் உதவியோடு வங்கதேசத்தில் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நல்ல எண்ணத்தோடு செய்த வேலை அது. வண்டல் மண்ணின் அடியில் ஆர்சனிக் இருந்தது; யாரும் அதைச் சோதிக்கவில்லை. 1983-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, உள்ளங்கையில் தடிப்பும் உடம்பெல்லாம் கரும்புள்ளியுமாக வந்த நோயாளிகளைப் பார்த்து, அவர்கள் குடித்த தண்ணீரைச் சந்தேகித்தார். ஸ்னோ கேட்ட அதே கேள்விதான். வங்கதேசத்தில் அது உறுதியானது 1993-ல். அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்திருந்தார்கள்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு சொல். யூரியாவும் கசியும் மலக்குழியும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் பால் மாவு கலக்கிக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு ஆபத்து. நைட்ரேட், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறனைக் கெடுக்க, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் பண்ணைக் கிணறுகளோடு இதை இணைத்துக் காட்டினார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வதற்கு உள்ள பல காரணங்களில் இதுவும் ஒன்று. மலக்குழிக்கும் போருக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது என்று வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் கேட்டே ஆக வேண்டும்.

மலைமேல் நடப்பது கீழே எப்படி இறங்கும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை அங்கே பாம்பார் சோலைக்கு மேலே இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கிடப்பது 2001-ல் வெளியே வந்து தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது 2016-ல், பதினைந்து ஆண்டுகள் கழித்து. பாதரசம் தண்ணீரில் சேர்ந்து மீன் வழியாக மனிதனுக்கு வந்தால் நரம்பு மண்டலத்தை என்ன செய்யும் என்பதை ஜப்பானின் மினமாட்டா 1956-லேயே காட்டிவிட்டது. சுற்றுலா மலை என்றால் பாதுகாப்பான மலை என்று பொருளில்லை. ஏற்காட்டிலும் விடுதிகள் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கழிவுநீரும் எங்கே போகிறது என்று கேட்கிற உரிமை மலைமேல் இருப்பவர்களைவிட அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அதிகம்.

செய்யக்கூடியவை கையருகே இருக்கின்றன. மேல்நிலைத் தொட்டியில் டேங்க் ஆபரேட்டர் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார். தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால்தான் அது வேலை செய்ததாகக் கணக்கு. மருந்துவாடை அடிக்கிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் வாடை அடிக்காத நாளில் போக வேண்டும். மலக்கிருமியைச் சோதிக்க ஒரு சிறு பாட்டில் போதும். உள்ளே மருந்து இருக்கும். கோடுவரை தண்ணீர் பிடித்து, மூடி, ஒன்றிரண்டு நாள் வெப்பமான இடத்தில் வைத்தால், சாக்கடை கலந்த தண்ணீர் கறுத்துவிடும். ஃப்ளூரைடுக்கும் அப்படி ஒரு வண்ணச் சோதனை உண்டு. சொட்டு மருந்து விட்டதும் செந்நிறமாகிற தண்ணீர், ஃப்ளூரைடு கூடக்கூட மஞ்சளுக்கு மாறும். அட்டையில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அளவு சொல்லிவிடலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்றே இருக்கிறது. சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம்.

குறை எங்கே என்றால், முடிவு தாளில் எழுதப்பட்டு கோப்பில் உறங்குகிறது. போரின் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுத வேண்டும்: சோதித்த தேதி, ஃப்ளூரைடு இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு. ரேஷன் கடையில் இருப்பு எழுதிப் போடுவது நடக்கும்போது இது நடக்காமல் போக நியாயம் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு ஊரின் எல்லாக் குழாய்களின் அளவுகளையும் சத்தமாகப் படிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரலாம். அளவு மீறிய போரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் என்று எழுதி ஒதுக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் போதும், ஒரு வீட்டுக்கு அது நாலைந்து குடத்துக்குள் அடங்கிவிடும்.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், அங்கன்வாடியிலிருந்து. நிரந்தர முன்பற்களின் எனாமல் ஈறுக்குள்ளேயே உருவாவது பெரும்பாலும் முதல் மூன்று வயதுக்குள். மற்றப் பற்களுக்கு எட்டு வயது வரை காலம் உண்டு. ஏழு வயதில் பள்ளி மருத்துவ முகாமில் பழுப்புக் கோட்டைக் கண்டுபிடித்தால், அது நாலைந்து ஆண்டுக்கு முன்பு குடித்த தண்ணீரின் கோடு. அதற்கு மருந்து இல்லை. அங்கன்வாடிச் சாம்பார் எந்தக் குழாய்த் தண்ணீரில் கொதிக்கிறதோ, அந்தக் குழாயின் கீழ்தான் முதல் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். அடுத்ததாக, ஊரில் கர்ப்பிணிகள் இருக்கிற வீடுகளின் குழாய்.